இரவு 9 மணிக்கு வேலை முடிந்த பிறகு மனம் அடங்குவதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

தாமிரபரணி மைந்தன் (சென்னை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் நியூயார்க்கில் இருப்பதால், அவர்களுக்குக் காலை 10 மணிக்குத் தொடங்கும் அன்றாடக் கூட்டம் நமக்கு இரவு 7.30 மணிக்கு வருகிறது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும், மார்ச் மாதம் வரை அதே கூட்டம் நமக்கு 8.30 மணியாகிவிடும். வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்றாலும், மடிக்கணினியை மூடும்போது எப்படியும் 9 மணி ஆகிவிடுகிறது.

அதன் பிறகு சாப்பிட்டு முடித்துப் படுக்கைக்குப் போனாலும், கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், நாளைக்குள் எதை முடிக்க வேண்டும் என்பதே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மறப்பதற்காகக் கைப்பேசியை எடுத்தால் இரவு 1 மணி ஆகிவிடுகிறது. காலை 6 மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளி வேனுக்குக் கிளப்ப வேண்டும். தியானம் செய்யுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்ற பொதுவான அறிவுரைகளை நிறையவே படித்துவிட்டேன். தாமதமாக வேலை முடியும் நிலையில் உள்ளவர்கள், மாலையையும் முன்னிரவையும் உண்மையில் எப்படி அமைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.


நாடி (மதுரை) எழுதியது:

வணக்கம். நான் பொது மருத்துவன். உங்கள் நிலையில் பலரை வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தூக்க மாத்திரை கேட்டுத்தான் வருகிறார்கள். மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன், உடல் இரவுக்கு எப்படித் தயாராகிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

வெளிச்சம் மங்கியதும் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி, தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பே இது ஆரம்பமாகிவிடும். அதே வேளையில் கை, கால் தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது. உள்வெப்பம் இறங்கும் அந்தச் சரிவில்தான் தூக்கம் எளிதாக வரும். ஆகையால் 9 மணிக்கு மேல் கூடத்தில் குழல்விளக்கு முழுவதும் எரியத் தேவையில்லை. ஓர் ஓரத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று போதும். 2019-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்னதாக 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் குளித்தவர்களுக்குச் சராசரியாக 10 நிமிடம் முன்னதாகவே தூக்கம் பிடித்ததாகத் தெரிந்தது. வெந்நீர் தோலின் குழாய்களை விரியச் செய்து உள்வெப்பத்தை வெளியேற்றுவதே இதற்குக் காரணம். மே மாதத்துச் சென்னையில் யாரும் வெந்நீரை விரும்ப மாட்டார்கள் என்பதை அறிவேன். அப்போது பாதங்களை மட்டும் வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்தாலும் ஓரளவு இதே பலன் உண்டு.

காபி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி நீங்குவதற்கே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கூட்டத்துக்காக 7 மணிக்குக் குடிக்கும் காபியில் பாதி, நள்ளிரவு 12 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். காபி குடித்தாலும் தனக்குத் தூக்கம் வருகிறது என்று சிலர் வாதிடுவார்கள். தூக்கம் வரலாம்; அதன் ஆழம் குறைவது அவர்களுக்குத் தெரிவதில்லை.

கைப்பேசியைப் பற்றிய என் கருத்து பலருக்கு வியப்பாக இருக்கும். எல்லோரும் நீல ஒளியையே குறை சொல்கிறார்கள். 2014-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு முன் 4 மணி நேரம் முழு வெளிச்சத்தில் மின்திரையில் புத்தகம் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. உங்களுக்குப் போவது 10 நிமிடம் அன்று, 2 மணி நேரம். ஒளியைக் காட்டிலும், அதில் வரும் செய்திகளும் விடாமல் நீளும் காணொளிகளும்தான் உங்களை விழிக்க வைக்கின்றன. திரையை மஞ்சளாக்கிவிட்டு அலுவலக மின்னஞ்சலைத் திறப்பதால் ஒரு பயனும் இல்லை.


வெண்தாழை (திருச்சி) எழுதியது:

மருத்துவர் ஐயா கூறியவை சரியே. ஆனால் தாமிரபரணி மைந்தனின் சிக்கல் உடலைச் சார்ந்தது மட்டுமன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டம் முடிந்தும் அவருக்கு வேலை முடியவில்லை.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மதியம் 2 மணிப் பணி என்றால் இரவு 8 மணிக்கு முடியும். எங்கள் வேலையில் மனத்தை அரிக்கும் விஷயங்களுக்குக் குறைவே இல்லை. ஆயினும் வார்டைவிட்டு வெளியே வரும்போது பெரும்பாலான நாள்களில் தலை பாரமாக இருப்பதில்லை. அதற்கு ஒரே காரணம், நாங்கள் ஓவர் கொடுத்துவிட்டுத்தான், அதாவது பணியை முறைப்படி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். அடுத்த பணிக்கு வருபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாகப் போவோம். 4-ஆம் படுக்கையில் டிரிப் எவ்வளவு மீதம் இருக்கிறது, எத்தனை மணிக்கு மாற்ற வேண்டும். 7-ஆம் படுக்கைக்கு இரவு 10 மணி ஊசி போட வேண்டும். 11-ஆம் படுக்கைக்கு இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, வந்ததும் பணியில் உள்ள மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். 12-ஆம் படுக்கைப் பாட்டியுடன் இருக்கும் பேத்தி சாப்பிடப் போயிருக்கிறாள். இவ்வளவும் பேரேட்டில் எழுதப்பட்டிருக்கும். மருந்து அலமாரிச் சாவி கைமாறும். இருவரும் கையொப்பம் இடுவோம். அந்தக் கையொப்பத்துக்குப் பிறகு அவை என் பொறுப்பு அல்ல என்பது எனக்கும் தெரியும், என் மனத்துக்கும் தெரியும்.

பேருந்தில் வரும்போது திடீரென்று ஒரு நோயாளியின் நினைவு வந்தால், அதைப் பேரேட்டில் எழுதினேனா என்றுதான் முதலில் யோசிப்பேன். எழுதியிருந்தால் நினைவு அப்படியே அடங்கிவிடும். ஏதேனும் ஒன்று எழுதாமல் விடுபட்டிருந்தால், வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லும் வரை எதிலும் மனம் செல்லாது.

உங்கள் வேலையில் மடிக்கணினியை மூடுகிறீர்களே தவிர, யாரிடமும் எதையும் ஒப்படைப்பதில்லை. பெறுவதற்கு ஆள் இல்லாவிட்டாலும் ஒப்படைக்கலாம் என்பது என் கருத்து. கூட்டம் முடிந்த உடனே, மேசையைவிட்டு எழுவதற்கு முன், என்ன எந்த நிலையில் நிற்கிறது, நாளை முதலில் எதைத் தொட வேண்டும், யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, நேரத்தைக் குறித்துக் கையொப்பம் இடுங்கள். நாளைக் காலை வரப்போகும் நீங்களே அதைப் பெற்றுக்கொள்பவர்.


நாடி (மதுரை) எழுதியது:

சகோதரி சொன்னதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்க வைத்தார்கள். படுப்பதற்கு முன் 5 நிமிடம், ஒரு பிரிவினர் வரும் நாள்களில் செய்ய வேண்டிய வேலைகளையும், மற்றொரு பிரிவினர் செய்து முடித்த வேலைகளையும் எழுதினார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்களுக்கு ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகவே தூக்கம் வந்தது. எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு விரைவாகத் தூங்கினார்கள். வெந்நீர்க் குளியல் தரும் பலனுக்கு இது ஏறக்குறைய சமம். இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். கைப்பேசியில் மட்டும் எழுத வேண்டாம், எழுதி முடித்ததும் விரல் வேறு எங்கோ போய்விடும்.


ரங்கநாதன் தெரு (கூடுவாஞ்சேரி) எழுதியது:

இந்த விவாதத்தில் பேசப்படுவது உட்கார்ந்து வேலை செய்பவர்களின் களைப்பு. நின்றுகொண்டே வேலை செய்பவர்களைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறேன். 2021-ல் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்திய பிறகு, வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார முடிகிறது. அந்தத் திருத்தத்தின் அருமை எங்கள் கால்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் தீபாவளி, ஆடித் தள்ளுபடிக் காலங்களில் உட்கார நேரம் கிடைப்பதில்லை.

செவிலியர் அம்மா சொன்ன ஒப்படைப்பு எங்களுக்கும் வேறு விதத்தில் உண்டு. கதவு இறக்கிய பிறகு, நாள் முழுவதும் வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் காட்டிய புடவைகள் மெத்தையின்மேல் குவிந்து கிடக்கும். முந்தானை உட்பக்கம் போக, கரையோடு கரை சேர, ஒவ்வொன்றாக மடித்து நிறவாரியாக அடுக்குவோம். அந்த வேளையில் யாரும் எங்களிடம் விலை கேட்பதில்லை, குறைத்துக் கொடு என்று வாதாடுவதில்லை. கைகள் மட்டும் வேலை செய்யும். கடைசி அடுக்கு அலமாரிக்குப் போகும்போது பகல் முழுவதும் கேட்ட இரைச்சல் காதிலிருந்து இறங்கிவிட்டிருக்கும்.

மாம்பலத்தில் ரயில் ஏறி வீடு வந்து சேர 11 மணி ஆகிவிடும். வந்ததும் கல் உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்காருவேன். பிறகு சுவரில் கால்களை ஏற்றிச் சிறிது நேரம் படுத்திருப்பேன். அந்த நேரத்தில் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் ரசம் சாதமோ போதும். மருத்துவர் ஐயா பாதங்களைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, பாட்டி காலத்து வழக்கத்துக்குப் பொருள் இருப்பது தெரிந்து மகிழ்ந்தேன்.


கொன்றை (ஈரோடு) எழுதியது:

எல்லோருடைய பதிவுகளையும் பொறுமையாகப் படித்தேன். ஒரு கேள்வியை மட்டும் யாரும் எழுப்பவில்லை. தாமிரபரணி மைந்தன் இரவு 9 மணிக்குச் சாப்பிடுகிறார். அந்தச் சாப்பாட்டைச் செய்தவர் யார், பாத்திரத்தைக் கழுவுபவர் யார், அவருடைய வேலை எத்தனை மணிக்கு முடிகிறது?

இது அவர் மீதான குற்றச்சாட்டு அன்று. நாட்டு நிலையே இதுதான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரியவந்தது. 2024 கணக்கெடுப்பில் அது 289 நிமிடமாகவும் 88 நிமிடமாகவும் இருந்தது. அதாவது பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தபோது ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி அப்படியே நிற்கிறது.

நான் ஆசிரியை. பள்ளி முடிந்து 5 மணிக்கு வீட்டுக்கு வருகிறேன் என்பதால் என் மாலை நீளமானது என்று பலர் நினைக்கிறார்கள். மாவு அரைக்கும் நாளில், வந்தவுடன் அரிசியும் உளுந்தும் ஊறியிருக்கின்றனவா என்று பார்த்துக் கிரைண்டரில் போட வேண்டும். அது ஓடும்போதே மகனின் வீட்டுப்பாடம், மாமியாரின் மாத்திரை, சமையல் எரிவாயு பதிவு, நாளைக்கான காய் நறுக்கல் எல்லாம் நடக்கும். மாவைக் கரைத்து வைத்து, கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்பு மேடையைத் துடைக்கும்போது 10 மணி ஆகிவிடும். வெந்நீர்க் குளியல், மஞ்சள் விளக்கு, அச்சுப் புத்தகம் ஆகியவற்றை நான் எதிர்க்கவில்லை. அவற்றுக்கு ஓர் அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தை வீட்டில் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஓய்வை ஒரு தனி மனிதரின் பழக்கமாகப் பேசும் அறிவுரைகள் எல்லாம் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பதே என் வருத்தம்.


தறிக்காரன் (கோவை) எழுதியது:

சகோதரியின் பதிவு மிக முக்கியமானது. அதனுடன் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இரவு 9 மணி வரை வேலை வாங்கும் ஏற்பாட்டை இயற்கைச் சீற்றத்தைப் போல ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு மிஞ்சும் நேரத்தை எப்படிச் செலவிடலாம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததால், அந்த ஆண்டு மே நாளிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்துப் பணியாளர்களுடன் பேச்சு நடத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலன்றி, பணி நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்கும் செய்திக்கும் பதில் தர மறுக்கும் உரிமை பணியாளருக்கு உண்டு.

உப்பு நீரும் தாளும் பேனாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காலை 9.30 மணிக்கு வந்தவர் இரவு 9 மணி வரை வேலை செய்துவிட்டுத் தூக்கமில்லாமல் தவித்தால், முதலில் அவருடைய வேலை நேரத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.


தாமிரபரணி மைந்தன் (சென்னை) எழுதியது:

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. கொன்றை அவர்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். என் மனைவி வங்கியில் பணியாற்றுகிறார். இரவுச் சமையல் அவருடையது, காலையில் பிள்ளைகளைக் கிளப்புவது என்னுடையது, பாத்திரம் யாருக்கு முடிகிறதோ அவருடையது. நடைமுறையில் அது பெரும்பாலும் அவரிடமே போய்விடுகிறது. இந்தப் பதிவுகளை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நானும் 11 மணிக்கு மேல் கைப்பேசி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தூக்கம் வராததால் இல்லை. அம்மா என்றோ மேடம் என்றோ யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான்."

இதைக் கேட்ட பிறகு என் நிலையும் அதுதானோ என்று யோசிக்கிறேன். மனத்தில் வேலை ஓடுவது ஒரு பக்கம். பகல் முழுவதும் எனக்கென்று எதுவும் கிடைக்காததால், தூங்கிவிட்டால் அந்த நாள் அப்படியே போய்விடும் என்று விழித்திருப்பதும் இருக்கிறது.

தறிக்காரன் அண்ணன் சொன்னபடி வேலை நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்ற எண்ணமும் வந்திருக்கிறது. நவம்பர் வரப்போகிறது, கூட்டம் 8.30 மணிக்குப் போய்விட்டால் இங்கே பேசியது எதுவுமே நடக்காது. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.


பனிமலை (டொராண்டோ) எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறேன். இங்கே டிசம்பரில் மாலை 4.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகவே வேலை முடியும் நேரத்தையும் பொழுது சாயும் நேரத்தையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் எங்களுக்கு இல்லை. குளிர்காலத்தில் மதிய உணவு இடைவேளையிலேயே வெளியே நடந்து, பகல் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறோம்.

தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சென்னையில் ஆண்டு முழுவதும் 5.40 மணிக்கும் 6.40 மணிக்கும் இடையில் சூரியன் மறைகிறது. உங்களுடைய மாலை, கூட்டத்துக்குப் பின் வருவதில்லை; கூட்டத்துக்கு முன்பே வந்து போய்விடுகிறது. 9 மணிக்குப் பின் மாலையைத் தேடுவதைவிட, 5.30 மணி முதல் 7 மணி வரையிலான நேரத்தை மாலையாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில் பிள்ளைகளோடு மொட்டை மாடிக்குப் போங்கள், தேநீரை அப்போதே குடித்துவிடுங்கள், முடிந்தால் இரவு உணவையும் 7 மணிக்கு முன் முடித்துவிடுங்கள். அதன் பின் வரும் கூட்டத்தை இரவுப் பணியாகவே கருதலாம். அந்த இடைவெளிக்கு ஈடாகக் காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதை உங்கள் மேலாளரோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.


கொன்றை (ஈரோடு) எழுதியது:

தாமிரபரணி மைந்தனுக்கு: உங்கள் மனைவி சொன்னதைப் படித்து நெடுநேரம் யோசித்தேன். என் தோழிகளில் பாதிப் பேர் இதையே சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் பயன்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். "உதவி செய்வது" என்பதை நிறுத்திவிட்டோம். உதவி என்றால், என்ன செய்ய வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையிலேயே இருக்கும். அதற்குப் பதிலாக வேலைகளை முழுமையாகப் பிரித்துக்கொண்டோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை முழுவதும் என் கணவருடையது: மீதத்தைப் பாத்திரம் மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, கழுவுவது, பாலுக்கு உறை ஊற்றுவது, எரிவாயுவை மூடுவது வரை. தயிர் உறையவில்லை என்றாலும் நான் கேட்பதில்லை. பையை அடுக்குவதும் சீருடையை எடுத்து வைப்பதும் மகனுடைய பொறுப்பு. மாவு அரைப்பதை ஞாயிறு, புதன் என்று இரண்டு நாளோடு முடித்துக்கொண்டேன். இதனால் மற்ற நாள்களில் 9 மணிக்கு எனக்கு ஓர் அரை மணி கிடைக்கிறது. அதில் நான் என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. சில நாள் படிப்பேன், சில நாள் சும்மா பால்கனியில் உட்கார்ந்திருப்பேன். என் கணவருடைய அரை மணி, பாத்திரம் முடிந்த பிறகு. தனக்கென்று நேரம் கிடைத்துவிட்டால், நள்ளிரவில் அதைத் திருட வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.


பொதிகை (கோவை) எழுதியது:

நவம்பர் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் ஒரு குழுவை நடத்தி வருகிறேன்.

கூட்ட அழைப்பு நியூயார்க் நேரத்தில் பதிவாகியிருப்பதால்தான் ஒவ்வொரு நவம்பரிலும் நமக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. அங்கே 10 மணிக்கு இருப்பதை 9 மணிக்கு மாற்றினால், நமக்கு அது 7.30 மணியிலேயே நிற்கும். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு நம் நாட்டில் கடிகாரம் மாறுவதில்லை என்பதே தெரியாது, நாமும் சொல்வதில்லை. எங்கள் குழுவில் அக்டோபர் முதல் வாரத்திலேயே எழுதிவிடுவோம். களைப்பு, குடும்பம் என்று காரணங்களை அடுக்காமல், "நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டத்தை உங்கள் நேரப்படி 9 மணிக்கு வைத்துக்கொண்டால், முழுக் குழுவும் கலந்துகொள்ள இயலும்" என்று ஒரே வாக்கியத்தில் கேட்போம். முதல் ஆண்டு மேலாளர் தயங்கினார். வாடிக்கையாளர் அன்றே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாத வாடிக்கையாளர்களும் உண்டு. அப்படி ஒருவருக்காக வேலை செய்த ஐந்து பேரும் நாள்தோறும் உட்காருவதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தோம். முறைக்காரர் மட்டும் 8.30 மணிக்கு அமர்வார். மற்றவர்கள் 6 மணிக்குள் தங்கள் நிலவரத்தை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

செவிலியர் அம்மா சொன்ன ஒப்படைப்பு இங்கேதான் பயன்படுகிறது. எங்கள் குறிப்பில் நான்கு செய்திகள் இருக்கும்: இன்று முடிந்தது, பாதியில் நிற்பது, யாரிடமிருந்து என்ன வர வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும். நான்காவது இல்லாவிட்டால் முறைக்காரர் கூட்டத்தின் நடுவே உங்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கும், அப்புறம் முறை வைத்ததற்கே பொருளில்லாமல் போய்விடும். முறைக்காரர் மறுநாள் காலை 11 மணிக்கு வந்தால் போதும் என்பதையும் மேலாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக இருந்தால் இரண்டே வாரத்தில் மறந்துவிடுவார்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர், கூட்டத்தில் நாள்தோறும் உண்மையில் பேச வேண்டியவர்கள் யார் யார் என்று சொன்னால், கடிதத்தை எழுதுவதற்கு நானும் உதவுகிறேன்.